கதியால் வேலியும் கானக் குருவிகளும்

யாழ்ப்பாணத்து இடப்பெயர்களை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பாருங்கள். வேம்படி, அரசடி, மருதடி, நாவற்குழி, புளியங்கூடல், கொக்குவில் என்று பெயர்தோறும் ஒரு மரமோ ஒரு புள்ளோ நம் கண்முன் வந்து நிற்கும். நம் முன்னோர் மரத்தைக் கொண்டே இடத்தை அடையாளங் கண்டனர். அம்மரத்திற் குடியிருந்த பறவைகளின் குரலைக் கொண்டே பொழுது புலர்வதை அறிந்தனர். இன்று அப்பெயர்கள் இருக்கின்றன. ஆயின், அப்பெயருக்குரிய மரங்களுட் பல இல்லை. மரம் மறைந்த இடத்தில் அதனை நம்பிப் பாடிய சிறு குருவிகளும் மறைந்துவிட்டன.

அவ்வாறு நகரை விட்டுப் போன பாடகர்களை மீண்டும் வருவிக்க இயலுமா? இயலும். அதற்குக் கூண்டும் வேண்டா; விலைகொடுத்து வாங்கும் தீனியும் வேண்டா. வேண்டுவதெல்லாம், ஒரு தலைமுறைக்கு முன்வரை யாழ்ப்பாணத்து வளவு ஒவ்வொன்றையும் சூழ்ந்து நின்ற ஒரு பொருளே. அதுதான் கதியால் வேலி.

நம்மிடையே பாடுவோர்

முதலில் நம் பாடகர்கள் யாவர் என அறிந்துகொள்வோம். விடியற்காலையில், கோயில் மணி ஒலிக்கும் முன்னரே, கூரை முகட்டிலோ பட்ட மரத்தின் நுனியிலோ இருந்து சீழ்க்கை அடிப்பதுபோல நெடுநேரம் இசைப்பது குண்டுக்கரிச்சான். கறுப்பும் வெள்ளையுமான உடலும், அடிக்கடி நிமிர்த்தும் வாலும் அதன் அடையாளம். வங்காளதேச மக்கள் இதனையே தங்கள் தேசியப் பறவையாகக் கொண்டுள்ளனர். மரப்பொந்திலும் சுவர்ப் பொந்திலும் இது கூடு வைக்கும்.

அடுத்தது தையற்குருவி. பதின்மூன்று சென்ரிமீற்றர் நீளமே உள்ள இச்சிறு உயிருக்கு உடலளவை மீறிய குரல். செடியில் உயிரோடு இருக்கும் இலையின் ஓரங்களைச் சிலந்தி நூலாலும் பஞ்சாலும் இணைத்துத் தைத்து, அப்பைக்குள் தன் கூட்டை அமைக்கும். தேன்சிட்டோ இதனினும் சிறியது. பூவுக்குப் பூ தாவித் தேன் அருந்தும். நார், சருகு, சிலந்தி வலை ஆகியவற்றாற் பின்னிய பணப்பை போன்ற கூட்டைச் செடியின் கொப்பிலே தொங்கவிடும். தலையிற் கறுத்த கொண்டையும் வாலடியிற் செந்நிறமும் உடைய கொண்டைக் குருவியை அறியாதவர் இலர். அதன் பேச்சே ஒரு சிறு பாட்டு.

புலுனிகள் ஆறேழாகக் கூடி நிலத்திற் சருகைக் கிளறி இரை தேடும். அவற்றின் கீச்சொலியைச் சங்கீதம் என்று எவருஞ் சொல்லார். எனினும் வளவுக்குட் பாம்போ பூனையோ புகுந்தால், முதலிற் கண்டு ஊரைக் கூட்டுபவை அவையே. ஐப்பசி மழையோடு இங்கு வந்து, வெயில் முதிருமுன் மீண்டுவிடும் விருந்தாளி ஒன்றும் உண்டு. அதன் பெயர் ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் கூவுவதால் வந்த பெயர் அது. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனம் பெருக்கும் இப்பறவை, பல நிறங்கள் கொண்ட தன் உடலைப் புதர்களின் கீழ் மறைத்துக்கொண்டு சருகுகளிடையே திரியும்.

கரிக்குருவியை எப்படி மறக்கலாம்? இலங்கையின் ஈரமான தென்மேற்குப் பகுதியிற் காண்பதற்கரிய இப்பறவை, மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மின்கம்பி தோறும் இருக்கும். திருவிளையாடற் புராணத்திற் கரிக்குருவிக்கு உபதேசித்த படலம் என்றொரு பகுதி உண்டு. காக்கை முதலியவற்றாற் கொத்துண்டு வருந்திய எளிய குருவி, மதுரையில் இறைவனிடம் மந்திரோபதேசம் பெற்று வலியான் என்ற பெயரைப் பெற்றது என்பது கதை. அப்பெயருக்கு ஏற்ப, தன் கூட்டை அணுகும் காகத்தையும் பருந்தையும் இது துரத்தித் துரத்திக் கொத்துவதை இன்றும் காணலாம். அதன் காவலை நாடிப் புறா, கொண்டைக் குருவி போன்ற சாதுவான பறவைகள் அருகிலேயே கூடு வைப்பதும் உண்டு.

வேலியில் இருந்த வீடு

இவற்றுட் பெரும்பாலானவை அடர்காட்டுப் பறவைகள் அல்ல. புதரும் வெளியும் கலந்த இடத்தையே இவை விரும்பும். குடாநாட்டில் நிலையாக ஓடும் ஆறில்லை, பெருங்காடும் இல்லை. தோட்டம், வயல், பனந்தோப்பு, வீட்டு வளவு ஆகிய இவைதாம் உண்டு. இவற்றிடையே புதரின் இடத்தை நிரப்பி நின்றது எது? வேலிதான்.

கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் தடிகளை ஊன்றினால் அவை துளிர்த்து மரமாகும். அத்தகைய உயிருள்ள ஊன்றுதடியே கதியால். அதன்மேற் பனையோலையோ கிடுகோ வரிந்து அடைப்பர். இடையிடையே ஆடாதோடை தானே எழும். கொவ்வைக்கொடி ஏறிப் படரும். ஆண்டுக்கொரு முறை குழை வெட்டித் தோட்டத்துக்குப் பசளையாகத் தாழ்ப்பர், ஆட்டுக்கும் போடுவர். இவ்வாறு ஒழுங்கை தோறும், வளவு தோறும், ஊர் முழுவதும் தொடர்ந்து ஓடிய பசுமையான கோடுகள், சிறு குருவிகளுக்கு வீடாகவும் வீதியாகவும் ஒருங்கே பயன்பட்டன. ஒரு தையற்குருவி வெளியிற் பறந்து பருந்தின் கண்ணிற் படாமலே, வேலிவழியாக ஊரின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குச் செல்லமுடிந்தது.

பின்னர் மதில்கள் வந்தன. மதில் எழுப்புவோரைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. ஓலைக்கும் கூலிக்கும் ஆண்டுதோறும் அலைவதிலும், ஒருமுறை கல்லடுக்கி முடிப்பது எளிது. அதனோடு போரும் வந்தது. 1983 முதல் 2009 வரை நீடித்த அவ்வவலத்திற் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் எண்ணற்ற பனைகள் வீழ்த்தப்பட்டன. வட்டிழந்த பனைகளின் பொந்துகளிற் கிளியும் மைனாவும் குண்டுக்கரிச்சானும் குடியிருந்தன. பனை வீழ்ந்தபோது அவற்றின் குடியும் வீழ்ந்தது. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்களுட் பல, இரண்டு மூன்று தசாப்தங்களின் பின்னரே தம் காணிகளைக் கண்டன. வீடிருந்த இடத்திற் பற்றை மூடிக் கிடந்தது. அதனை வெட்டித் துப்புரவாக்கி மதில் கட்டுவதே எவருக்கும் முதல் வேலையாகும். அவ்வேலையின் இடையே ஒரு மூலைப் பற்றையை மட்டும் விட்டுவைக்கலாமே என்பதுதான் இங்கு நாம் விடுக்கும் விண்ணப்பம்.

தேன் மட்டும் போதாது

பறவைக்கு வேண்டியவை உணவு, நீர், மறைவிடம், கூடு வைக்கத் தகுந்த கொப்பு என நான்கு. இவற்றுள் உணவைப் பற்றிப் பலரிடம் ஒரு தவறான எண்ணம் உண்டு. தேன் பொழியும் பூவும் பழமும் இருந்தாற் போதுமென்று நினைக்கிறோம். வளர்ந்த பறவைக்கு அது போதலாம். ஆனால் தேன்சிட்டாயினும் கொண்டைக் குருவியாயினும், தம் குஞ்சுகளுக்கு ஊட்டுவது பெரும்பாலும் புழுவும் பூச்சியும் சிலந்தியுமே. இறகு முளைத்துத் தசை வளரவேண்டிய குஞ்சுக்குத் தேன் சோறாகாது.

புழு எங்கிருந்து வரும்? இலையிலிருந்தே வரும். எல்லாப் புழுவும் எல்லா இலையையும் உண்ணுவதில்லை. நெடுங்காலம் கூடி வாழ்ந்த செடியின் இலையையே ஒவ்வொன்றும் நாடும். அமெரிக்காவின் வாஷிங்டன் நகரத்துச் சுற்றுப்புற வீட்டுத் தோட்டங்களில் நடந்து, 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று இதனைத் தெளிவாகக் காட்டியது. கரோலினா சிக்கடீ என்னும் சிறு குருவியை ஆராய்ந்தவர்கள், தோட்டத்துத் தாவரத்தில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் அந்நாட்டு இனங்கள் இருந்தாலன்றி அக்குருவியின் தொகை நிலைபெறாது எனக் கண்டனர். பிறநாட்டு அழகுச் செடிகள் நிறைந்த தோட்டம், கண்ணுக்குப் பசுமையாய் இருந்தும், தாய்ப்பறவைக்கு வெறும் அடுப்படியாய் இருந்தது.

நம்மிடையே ஜாம் மரம் என வழங்கும் மரமும் அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்ததே. விரைவில் வளரும், ஆண்டு முழுவதும் சிறு பழங்களைத் தரும், பறவைகளும் விரும்பி வரும். ஒன்றிரண்டு நிற்பதிற் குற்றமில்லை. அதனை மட்டுமே நட்டுவிட்டு மற்றவற்றை மறப்பது, விருந்தினர்க்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து அனுப்புவது போலாகும். நாயுண்ணியையோ நட வேண்டியதே இல்லை. அதன் பழத்தை உண்ட பறவைகளே ஊரெங்கும் விதைத்து, மற்றச் செடிகளுக்கு இடமில்லாமற் செய்துவிடும்.

பறவையும் ஒரு தோட்டக்காரன் என்பதற்கு நம் கண்முன்னேயே சான்றுகள் உண்டு. பனையைத் தழுவி நிற்கும் ஆலமரம் எவரும் நட்டதன்று. பனை மட்டையின் இடுக்கில் ஒரு பறவையின் எச்சத்தோடு வீழ்ந்த விதையே அது. மாமரத்தில் ஒட்டி வளரும் குருவிச்சையும் அத்தகையதே. அதன் பிசுபிசுப்பான விதையைப் பூக்கொத்தி என்னும் மிகச் சிறிய குருவி கொப்பிலே தேய்த்துவிட்டுச் செல்லும். விதை அங்கேயே முளைக்கும். அச்செடிக்குப் பெயரிட்ட நம் முன்னோர் இவ்வுண்மையைப் பெயருக்குள்ளேயே வைத்தார்கள் போலும்.

ஜெர்மானியப் பிரபுவின் புதர்கள்

செடி நட்டுப் பறவையை வருவிக்கும் முயற்சியை ஒரு கலையாகவே வளர்த்தவர் ஜெர்மனி நாட்டவரான ஹான்ஸ் வொன் பெர்லெப்ஷ் என்ற பிரபு. தூரிங்கியாப் பகுதியிலுள்ள சீபாக் என்னும் ஊரில் முள்மரங்களை நெருக்கமாக நட்டு, அவற்றைக் குறித்த உயரத்தில் வெட்டிவிடுவார். வெட்டிய இடத்திற் பல தளிர்கள் ஒன்றாகக் கிளைத்து, ஏந்திய கையின் விரல்கள் போல நிற்கும். அந்த ஏந்தலிலே சிறு பறவைகள் கூடு கட்டின. 1905ஆம் ஆண்டில் அயலிலுள்ள ஹைனிக் காட்டில், ஓக் இலைகளைச் சுருட்டி உண்ணும் ஒருவகைப் புழு பெருகி மரங்களை மொட்டையாக்கியது. பறவைகள் நிறைந்திருந்த பெர்லெப்ஷின் காடு மட்டும் பச்சை மாறாமல் நின்றது. மூன்றாண்டுகளின் பின், 1908இல், அவருடைய நிலையம் அரசாங்க அங்கீகாரம் பெற்ற பறவைப் பாதுகாப்பு நிலையமாயிற்று.

அப்பிரபு கத்திரிக்கோல் கொண்டு செய்ததை நம் கமக்காரர் கொக்கச்சத்தகத்தாலும் கத்தியாலும் எத்தனையோ தலைமுறையாகச் செய்துவந்தனர். குழைக்காக வெட்டப்பட்ட கதியாலின் தலையிலும் அதுபோலவே பல தளிர்கள் ஒன்றாகக் கிளைத்து ஏந்தல் அமைகிறது. பசளைக்கென்று வெட்டினோம், குருவிக்கும் அது தொட்டிலாயிற்று.

எதை எங்கே நடுவது?

வீடு கட்டுவோர் அத்திவாரம், சுவர், கூரை என்று எண்ணுவதுபோல, பறவைக்கு நடுவோர் நிலம், புதர், மரம் என்னும் மூன்று நிலைகளை எண்ண வேண்டும்.

எல்லையோரத்திற் கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகிய கதியால்களை ஒரு முழ இடைவெளியில் ஊன்றலாம். கலியாண வீட்டிற் கன்னிக்காலாக நாட்டப்படும் அதே முள்முருக்கு, இலையுதிர்ந்த நாளிற் செங்கொத்தாகப் பூத்துத் தேன்சிட்டையும் மைனாவையும் கரிக்குருவியையும் அழைக்கும். உப்புக்காற்று வீசும் தீவகத்திலும் கரையோர ஊர்களிலும் பூவரசே நன்கு தாங்கும். கதியால்களுக்கிடையே ஆடாதோடையும் வெட்சியும் செவ்வரத்தையும் வைக்கலாம். வெட்சி தேனும் தரும், பழமும் தரும். கொவ்வைக்கொடி ஒன்றிரண்டு ஏறட்டும். அதன் செம்பழத்துக்குப் போட்டி மிகுதி.

கிணற்றடியிலும் கோடிப்புறத்திலும் கறிவேப்பிலை, தேசி, மாதுளை, முருங்கை ஆகியவை நிற்கட்டும். இவை குடும்பத்துக்கும் பயன்படும், குருவிக்கும் பயன்படும். கறிவேப்பிலையின் கறுத்த பழங்களைக் குயிலும் கொண்டைக் குருவியும் விடா. முள்ளுள்ள தேசி மரம் பூனை ஏறாத பாதுகாப்பான வீடு. அகன்ற இலையுடைய செடி எதுவாயினும் தையற்குருவிக்குத் துணியாகும்.

இடமுள்ள வளவில் வேம்பும் நாவலும் நட வேண்டும். வேப்பம்பழக் காலத்தில் மைனா, குயில், குக்குறுவான், கொண்டைக் குருவி என்று ஒரு திருவிழாவே கூடும். ஆலும் அரசும் பறவைகளுக்கு அன்னசத்திரங்களே. ஒரு மரம் பழுத்து ஓயும்போது இன்னொன்று பழுக்கும். ஆயினும் அவற்றின் வேர் கிணற்றையும் சுவரையும் பிளக்க வல்லது. ஆதலால் வீட்டு வளவில் அவற்றை வையாது, கோயில் வீதி, குளக்கரை, மயானம், பாடசாலை மைதானத்தின் ஓரம் ஆகிய பொது இடங்களிலேயே வைத்தல் தகும். ஆரியகுளம், புல்லுக்குளம் போன்ற நகரத்துக் குளங்களின் கரைகள் இதற்கு மிகவும் ஏற்றவை. மருதமரமும் அங்கு செழிக்கும்.

ஒரு மனிதர் மரம் நட்டால் நகருக்கு என்ன கிடைக்கும் என்பதற்குச் சுண்டிக்குளிப் பக்கத்திலுள்ள பழைய பூங்கா சாட்சி. 1829இல் யாழ்ப்பாணத்து நிருவாகத் தலைமையை ஏற்று, 1867இல் இறக்கும் காலம் வரை பெரும்பாலும் இங்கேயே கழித்த பேர்சிவல் அக்லண்ட் டைக் என்ற அரசாங்க அதிபர், தம் இருப்பிடத்தைச் சூழ மரங்களை வளர்த்தார். ஆட்சிகள் மாறின; போர் வந்து போயிற்று; அவ்விடத்தின் நிழல் இன்றும் நகருக்குப் பயன்படுகிறது.

ஐப்பசியில் ஒரு நாள்

கதியால் நடுவதற்கு மழை தொடங்கும் ஐப்பசியே உகந்தது. கைமணிக்கட்டளவு பருத்த முதிர்ந்த தடியாக, ஆறடி நீளத்தில் தெரிந்துகொள்ளுங்கள். அடிப்பக்கத்தைப் பட்டை உரியாமற் சரிவாக வெட்டுங்கள். அலவாங்கால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, தடியை ஊன்றி, மண்ணை இறுக மிதியுங்கள். மேல்வெட்டு உலராதிருக்கச் சாணத்தை அப்புவது பழைய வழக்கம். அயல்வீட்டு வேலியிற் குழை வெட்டும் நாளிற் கேட்டாற் பத்துத் தடிகள் இனாமாகவே கிடைக்கும். மதில் கட்டிவிட்டோமே என்று வருந்த வேண்டியதில்லை. மதிலின் உட்புறத்தில் ஒரு முழம் தள்ளி ஒரு வரிசை ஊன்றினாற் போதும். மதில் திருடனைத் தடுக்கும். கதியால் குருவியை அழைக்கும்.

குழை வெட்டும் காலத்திலும் கருத்து வேண்டும். நம் சிறு பறவைகளுட் பெரும்பாலானவை மாசிக்கும் ஆடிக்கும் இடையே கூடு வைப்பன. ஆதலால் ஆவணி, புரட்டாதியில் வெட்டுவதே நன்று. அப்போதும் முழு வேலியையும் ஒரே நாளில் மொட்டையாக்காது, பாதியை இவ்வாண்டும் பாதியை மறு ஆண்டும் வெட்டலாம்.

வீட்டினர் கேட்கும் கேள்விகள்

பற்றை இருந்தாற் பாம்பு வராதா என்பது தாய்மார்கள் கேட்கும் முதற் கேள்வி. பாம்பை அழைப்பவை குப்பையும் கற்குவியலும் எலியுமே. வேலியடியைக் குப்பை சேராமல் வைத்துக்கொண்டால் அச்சம் குறையும். புலுனிகளின் எச்சரிக்கையும் கிடைக்கும்.

நாள்தோறும் முற்றம் கூட்டுவது நம் பெண்களின் நல்வழக்கம். முற்றத்தைக் கண்ணாடியாக வைத்திருங்கள். கோடிப்புறத்து வேலியடியில் மட்டும் சருகை விட்டுவையுங்கள். ஆறுமணிக்குருவிக்கும் புலுனிக்கும் அதுவே சாப்பாட்டு மேசை.

பழத்தைக் கொத்துமே என்பர் சிலர். கொத்தும். ஆனால் ஒரு சோடிப் பறவை குஞ்சு வளர்க்கும் நாட்களில் நம் கத்தரியிலும் முருங்கையிலும் பொறுக்கும் புழுக்களோடு ஒப்பிட்டால், நான்கு மாம்பழம் பெருங்கூலியன்று. பூச்சிகொல்லி தெளித்த செடியின் புழுவைக் குஞ்சுக்கு ஊட்ட நேர்வதே பெருங்கேடு. வீட்டுத் தோட்டத்திலாவது அதனைத் தவிர்க்க வேண்டும்.

கிணற்றடியில் ஒரு மண்சட்டியில் ஆழமின்றி நீர் வையுங்கள். டெங்கு நுளம்பு பெருகாதிருக்க நாள்தோறும் அதனைக் கவிழ்த்துத் தேய்த்துப் புதுநீர் வார்க்க வேண்டும். சமையற் கழிவை மூடி வையுங்கள். திறந்த குப்பை காகத்தைப் பெருக்கும், பெருகிய காகம் சிறு குருவிகளின் முட்டையையும் குஞ்சையும் தேடும்.

பறவையைப் பிடித்துக் கூண்டில் வைக்கலாமா என்று சிறுவர் கேட்டால், ஆகாது என்று உறுதியாகச் சொல்லுங்கள். நம் நாட்டுப் பறவைகளுட் பெரும்பாலானவற்றை 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காக்கின்றது. வேலியில் வந்து பாடுவதைக் கூண்டிலிட வேண்டிய தேவையும் இல்லை.

மாணவர்க்கு ஒரு வேலை

2013 முதல் 2018 வரை இயங்கிய வட மாகாண சபை, கார்த்திகையை மரநடுகை மாதமாகக் கொண்டாடும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தது. பாடசாலைகள் தோறும் அன்று கன்றுகள் நடப்படுவது நன்று. நட்ட கன்று மறு கார்த்திகையிலும் நிற்கின்றதா என்று பார்ப்பது அதனினும் நன்று. மாணவர்கள் ஒரு கொப்பியை எடுத்து, எந்தச் செடியில் எந்தப் பறவை எந்த மாதத்தில் வந்தது, என்ன உண்டது, எங்கே கூடு வைத்தது என்று எழுதி வருவார்களாக. மூன்று ஆண்டுகள் எழுதினால், தம் ஊரைப் பற்றி எந்தப் பாடநூலிலும் இல்லாத அறிவு அவர்கள் கையில் இருக்கும். பாட்டன்மாரிடம் கேட்டுப் பறவைகளின் ஊர்ப்பெயர்களையும் குறித்து வைக்கவேண்டும். பறவை போன பின் சில ஆண்டுகளில் அதன் பெயரும் நாவிலிருந்து போய்விடும். பெயர் தெரியாத ஒன்றை மீண்டும் வரவேண்டுமென்று விரும்புவார் யார்?

படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரையே ஈந்தான் பாரி என்று நாம் சிறுவயதிலிருந்தே படித்து வருகிறோம். நம்மிடம் எவரும் தேர் கேட்கவில்லை. மதிலோரத்தில் ஒரு முழ அகல நிலமும், பத்துத் தடிகளும், ஐப்பசியில் ஒரு நாள் உழைப்புமே வேண்டும். இவ்வாண்டு ஊன்றும் தடி அடுத்த ஆண்டிற் குழை தரும். அதற்கடுத்த ஆண்டு, குழை வெட்டப் போகும் கை ஒரு சிறு கூட்டைக் கண்டு தயங்கும். அன்று கத்தியைக் கீழே வைத்துவிட்டு, குஞ்சுகள் பறந்து போகும்வரை அந்தக் கொப்பை விட்டுவிடுங்கள்.